ஐம்பது விரல் பூட்டு

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். நான். என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா, நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், அடுத்த வீடு. எங்கள் ஊர்க்கவுண்டர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வீட்டைப் பார்த்து எழுத வந்த அம்மா. அவரைக் காரில் கூட்டிவந்த டிரைவர். பிறகு, அடிவாரத்திலிருந்து நான் வரச் சொல்லியிருந்த எலக்ட்ரீசியன். பூட்டை மாட்டியது அவர்தான். அன்றைக்கு அவருக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. அந்த அம்மா வந்து நிற்கிற நேரம் பார்த்துப் பூட்டு மக்கர் செய்தால் யார் பார்ப்பது என்று ஒரு நாள் கூலி பேசி நிற்க வைத்திருந்தேன். டிரைவர் பாதி நேரம் காருக்குள் சீட்டைச் சாய்த்துக் கிடந்தார். அவரை அரை ஆளாக எண்ணினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது என்று பின்னால் ஒரு பேச்சு கிளம்பியதால் இதை முதலில் எழுதிவைக்கிறேன். ஏழு பேர்தான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கவலைப்படுகிற ரகம். எட்டாவது படிக்கும்போது அப்பா என்னைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டார். நாலாம் நாள் காலையில், அம்மா அடுப்பை அணைக்காமல் காட்டுக்குப் போயிருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அப்பா திரும்பக் கொண்டுபோய் விட்டார். திரும்ப வந்தேன். மூன்றாம் தடவை வார்டனே அப்பாவிடம், இந்தப் பிள்ளை வீட்டிலேயே இருந்து அடுப்பைக் காவல் காக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் படிப்பு அதோடு சரி. நான் காவல் இருந்த வரைக்கும் அந்த அடுப்பினால் ஒரு விபத்தும் நடக்கவில்லை.

இப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்குப் பூட்டே கிடையாது. கதவைப் பார்த்தால் கோட்டைக் கதவு மாதிரி இருக்கும், பலா மரம், இரண்டு அங்குல கனம். வெளியே ஒரு சங்கிலி, மேலே ஒரு கொண்டி. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துவிட்டு உள்ளே போகலாம். போகத்தான் வேண்டும். ஏனென்றால் ஊர்ச் சாமான் எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டு செம்பு அண்டா, ஒரு பித்தளை அண்டா, குழம்பு வைக்கிற போசிகள், சோறு அள்ளுகிற அன்னவெட்டிகள், ஜமக்காளங்கள். எங்களோடு சேர்த்து முப்பத்தொரு வீட்டுக்கும் பொது. கல்யாணம், நோன்பு என்றால் நாலு பேர் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். இழவு என்றால் கேட்கக்கூடாது. சாவு விழுந்த வீட்டிலிருந்து ஒருவர் வருவார், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் எடுத்துக்கொண்டு போவார். அவர் வாய்திறந்து கேட்கும்படி நாங்கள் வைத்துக்கொண்டால் அது எங்கள் வீட்டுக்கு ஆகாது. அதனால்தான் பூட்டு இல்லை.

இருபது வருஷமாக நான் அந்தக் கொண்டியைப் போட்டுவிட்டு, பத்தடி நடந்து, திரும்ப வந்து பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவேன். யார் வேண்டுமானாலும் திறக்கிற கொண்டியைச் சரியாகப் போட்டோமா என்று பார்ப்பதில் என்ன லாபம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.  ஆனாலும் போய்ப் பார்ப்பேன்.

வாசலூர்பட்டிக்குப் படகு சவாரிக்கு வருகிறவர்கள் தங்க இடம் கேட்டு அரியூர் நாட்டுப் பக்கம் வரை அலைவதைப் பார்த்து, வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டலாம் என்று என் வீட்டுக்காரருக்கு யோசனை வந்தது. மூன்று தவணையாகப் பேங்க் லோன். முதல் தவணையில் சுவர் எழும்பியது. இரண்டாவதில் ஒரு ரூமுக்குக் கூரையும் கக்கூஸும் வந்தன. மூன்றாவதில் அடுத்த ரூமுக்குக் கூரை. அந்தத் தவணை ஒரு லட்சம். அதைக் கேட்டுப் போனபோது மேனேஜர், வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்த காகிதம் இல்லாமல் விட முடியாது, மாதக் கடைசிக்குள் கொண்டுவாருங்கள் என்றார். இன்சூரன்ஸ்காரர்களோ, காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களைத் தங்கவைக்கிற வீடு, தலைவாசலுக்கு விரல் வைத்துத் திறக்கிற பூட்டு வேண்டும், யார் எப்போது திறந்தார்கள் என்று அது கணக்கு வைக்க வேண்டும், அப்போதுதான் களவுக்குச் சேர்த்து எழுதுவோம் என்றார்கள். கூரை இல்லாத ரூமுக்குள் தார்ப்பாய் கட்டியிருந்தோம். மழை வந்தால் சுவர் ஊறும். சுவர் ஊறினால் என்று ஆரம்பித்து நான் எங்கெங்கோ போவேன். அதை இங்கே எழுதவில்லை.

பூட்டு வந்தது. கதவில் ஓட்டை போடும்போது எலக்ட்ரீசியனுக்கு இரண்டு துளைக் கம்பி முறிந்தது. மாட்டி முடித்ததும் அது ஒரு பெண் குரலில் ஏதோ இந்தியில் சொன்னது. என் வீட்டுக்காரர் மரியாதைக்குச் சரிங்க என்றார்.

என் விரல் ஒன்று பதிந்தோம். கிழங்கு சீவும்போது அந்த விரல் வெட்டுப்பட்டால்? இன்னொன்றும் பதிந்தோம். அவருக்கும் அதேபோல் இரண்டு. ராசிபுரத்தில் படிக்கிற மகள் அன்றைக்கு லீவில் வந்திருந்தாள், அவளுக்கு ஒன்று. அத்தோடு ஐந்து. ஐம்பது விரல் வரைக்கும் இது ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று எலக்ட்ரீசியன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மறுநாள் ஊர்க்கவுண்டர் வந்து பூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. நாளைக்கு அவர் வீட்டிலேயே ஒன்று நடந்துவிட்டால் அவர் மகன் இந்தக் கதவுக்கு முன்னால் வந்து என்ன செய்வான் என்று மட்டும் கேட்டார்.  நான் காட்டில், என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க மரத்தின் மேலே, கதவு பூட்டி, வெளியே ஒருவன் வாய்திறக்கக் கூடாமல் நிற்கிறான். வீட்டுக்கு ஒரு விரல் பதிந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இதில் வேறு யார்மேலும் பழி இல்லை.

இரண்டு சாயங்காலம் வரிசையில் நின்று பதிந்தார்கள். முதலில் நங்கை, ஆறாம் நம்பர். ரொம்பப் பேர் குளித்துவிட்டு வந்தார்கள். ஒருவருக்கு எந்த விரலும் ஏறவில்லை. மரவள்ளிக் குச்சிக்கிழங்குப் பாலும் மண்ணும் சேர்ந்து ரேகையே தேய்ந்துபோயிருந்தது. எண்ணெய் தடவினார், சாம்பலில் தேய்த்தார், கடைசியில் இடக்கை மோதிர விரலைப் பூட்டு ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் அந்த விரலால் சோற்றைக்கூடத் தொடுவதில்லை என்று அவர் சம்சாரம் சொன்னது. முப்பது வீட்டுக்கு முப்பது விரல் ஆயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் நான் நானாக இருந்திருக்க மாட்டேன். மரம் ஏறுகிறவர்கள், அரிவாள் பிடிக்கிறவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஆபத்துக்கு ஒன்று என்று இன்னொரு விரலும் பதிந்தேன். ஐம்பதும் நிறைந்தது. நிறைந்த பிறகு, நாளைக்கு வரப்போகிற மருமகனுக்கு இடம் இல்லையே என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

யார் கதவைத் திறந்தாலும் பூட்டு என் செல்போனுக்குச் சேதி அனுப்பும், அதில் இங்கிலீஷில்தான் பேர் ஏற்ற முடிந்தது. அதனால் நம்பரை மட்டும் விட்டுவிட்டு, எந்த நம்பர் எந்த வீடு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பத்து நாளில் நோட்டு தேவைப்படவில்லை. வழியில் பார்க்கிறவரை மாமா என்று கூப்பிட வாயெடுத்தால் மனசுக்குள் இருபத்தேழு என்று வரும். எங்கள் காட்டில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். ஏறினேனென்றால் அதுவரை தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக டிங்டிங்கென்று வந்து விழும். ஆறு திறந்தது. ஆறு திறந்தது. ஆறு திறந்தது. நங்கை உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை, டிவி பார்க்க ஒரு தடவை. பூட்டு வந்த பிறகு என் வீட்டில் நடமாட்டம் கூடித்தான் போனது. ஒரு வேலையும் இல்லாமல் விரல் வேலை செய்கிறதா என்று பார்க்கவே வந்துபோனவர்கள் உண்டு. களவு போகுமோ என்று பயந்த நான், இப்போது களவைத் தவிர எல்லாவற்றையும் நேரத்தோடு தெரிந்து வைத்திருந்தேன்.

இன்சூரன்ஸ் அம்மா வந்தபோது மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறிவந்து, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினார். முகம் மஞ்சளாக இருந்தது. வயிறு சரியில்லாத மனுஷியிடம் கையெழுத்து வாங்க முடியுமா என்று பயந்து, சூடாக மிளகு ரசம் கொடுத்து உட்கார வைத்தேன். இரண்டாவது டம்ளருக்கு அவர் முகத்தில் நிறம் வந்தது. எழுந்து வேலையை ஆரம்பித்தார். சுவரை அளந்தார். ஒயரிங்கைப் பார்த்தார். கேஸ் சிலிண்டரைப் போட்டோ எடுத்தார். எல்லாவற்றுக்கும் அவர் கையிலிருந்த பலகை போனில் ஒரு பச்சை டிக் விழுந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், இதற்கா இத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தாய் என்கிற மாதிரி.

கடைசியில் பூட்டு. என் போனை வாங்கி விரல் பட்டியலைத் திறந்தார். தள்ளினார். இன்னும் தள்ளினார்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"மூணு பேருங்க."

"இதுல ஐம்பது இருக்குங்களே."

முப்பத்தொரு ஊடுங்க என்று நான் சொன்னதும் அவர் எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்து முகர்ந்தார். நான் ஊர்ச் சாமானிலிருந்து ஆரம்பித்து அரிவாள் பிடிக்கிறவர்களின் இரண்டாவது விரல் வரை சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். வீட்டில் வசிக்கிறவர்கள் விரல் மட்டும்தான் இருக்கலாம், அது கம்பெனி விதி என்றார். இவர்கள் எல்லாரும் சொந்தம்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதில் பொய் இல்லை. அவர் நினைத்தால் ஐம்பது விரலுக்கும் முறை சொல்லுவார், சொல்லவும் ஆரம்பித்தார். பெரியப்பா, பங்காளி, மச்சான், சம்பந்தி என்று பன்னிரண்டாம் விரல் வரை வந்தபோது அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்தனை பேர் தொறந்தா எங்க ஆபீஸ்ல இதைப் பூட்டுன்னு எழுத முடியாதுங்க. வாசல்னுதான் எழுதோணும்."

என் வீட்டுக்காரர் சுலபத்தில் கோபப்படுகிறவர் அல்ல. அப்போதும் கோபப்படவில்லை, சந்தேகம்தான் கேட்டார். பெங்களூரிலிருந்து தங்க வருகிறவன் நாங்கள் கொடுக்கிற ரகசிய நம்பரைப் பூட்டில் தட்டி உள்ளே வரலாம், கூடப் பிறந்த அக்கா வரக்கூடாதா? வருகிறவர்களிடம் ஆதார் நகல் வாங்கி வைக்கிறீர்கள், அவர்கள் காலி செய்ததும் அந்த நம்பர் செத்துப்போகும், அக்காவுக்கு அப்படி ஒரு தேதி போட முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். நங்கை இதையெல்லாம் ஆட்டுக்குத் தழை ஒடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டு ஒன்றா தனியா என்று அவரைப் பார்த்துக் கேட்டதும்தான் நிமிர்ந்தார்.

"கார்டு தனிதான் கண்ணு. கார்டு தனின்னா ஆளும் தனியா?"

 அதற்குள் பலகை போனில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. இன்றைக்குச் சரி செய்யாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி ஒருவர் மலையேற வேண்டும், அது அடுத்த மாதம்தான் என்றார். அடுத்த மாதம் என்றால் தவணை இல்லை. தவணை இல்லை என்றால் கூரை இல்லை. கூரை இல்லாத ரூமுக்கும் சேர்த்து வட்டி மட்டும் ஓடும். 

விரல்களை அழித்தால் காகிதம் வரும். ஊருக்குக் கதவு அடைபடும். அழிக்காவிட்டால் ஊருக்குக் கதவு இருக்கும். எங்களுக்குக் கூரை இருக்காது. ஊர்க்கவுண்டர் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அழிக்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நான் அழுதிருப்பேன்.

அந்த அம்மா என்ன நினைத்தாரோ, கதவு திறந்த கணக்கைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பதினெட்டாம் நம்பர் ஒரே மணி நேரத்தில் ஒன்பது தடவை திறந்திருக்கிறதே, இது என்ன என்று கேட்டார். அவர் குரலில் களவைக் கண்டுபிடித்துவிட்ட தோரணை இருந்தது.

அது நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் பாறைமேல் ஏறியபோது பதினெட்டு, பதினெட்டு என்று வந்து விழுந்தது. முதலில் எனக்கும் களவு நினைப்புதான். அண்டாவைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போகிறான் என்றே நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். உப்புக்கு ஒருவர் ஒன்பது தடவை போக மாட்டார். பதினெட்டாம் வீட்டில் ஒரு அம்மா நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தார். களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். ஊருக்குள் இன்னும் அழுகைச் சத்தம்கூட எழவில்லை. வாசலில் அந்த வீட்டு மகன் கடைசியாகக் கரண்டிகளை அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கதவு அவனுக்குப் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. பூட்டு வாங்கியதிலிருந்து அன்றைக்கு ஒரு நாள்தான் அது எனக்குப் பிடித்திருந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் இன்சூரன்ஸ் அம்மா பலகை போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, அந்தச் சாமான் இருக்கிற அறையைக் காட்டுங்கள் என்றார்.

எல்லாரும் உள்ளே போனோம். அண்டாக்களைப் பார்த்ததும் இவை யார் பேரில் இருக்கின்றன என்று கேட்டார். ஊர் பேரில் என்றோம். அப்படியானால் இவற்றுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்றார். அதுவரை அந்த அண்டாக்களைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை. அந்த நிமிஷத்திலிருந்து வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எலக்ட்ரீசியன் தன் கூலிக்கு வேலை செய்தார். காலையிலிருந்து சும்மா நின்று அலுத்துப் போயிருந்தவர், சுவரை முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது வெளிச்சுவருங்களே. இதுல ஒரு வாசல் ஒடைச்சுட்டு, ஊட்டுக்குள்ள வர்ற வாசலை அடைச்சுட்டா முடிஞ்சுதுங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். இருபது வருஷமாக அந்தச் சுவர் வெளிச்சுவராகத்தான் இருக்கிறது. ஊர்க்கவுண்டர் துண்டு மடிப்பதை நிறுத்தினார். அந்தப் புது வாசலுக்குப் பூட்டு உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை, கொண்டிதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அப்படியென்றால் சாமானுக்கு ஒரு குறையும் இல்லை, செலவை முப்பத்தொரு வீடும் சமமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் அம்மாவும் ஒத்துக்கொண்டார். உள்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மூன்று நாளில் போட்டோ அனுப்ப வேண்டும். ஆனால் விரல்களை இப்போதே, அவர் கண்முன்னாலேயே அழித்தாக வேண்டும். மணி மூன்றாகியிருந்தது. பனி இறங்கினால் வளைவில் ஓட்ட மாட்டேன் என்று டிரைவர் காருக்குள்ளிருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

நாற்பத்தைந்து விரல். ஒவ்வொன்றுக்கும், உறுதியாக அழிக்கலாமா என்று போன் ஒரு தடவை கேட்கும். என்னிடம் போய் உறுதியா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஐம்பதிலிருந்து பின்னோக்கி ஆரம்பித்தேன். அரிவாள் பிடிக்கிறவர்களின் ஆபத்து விரல்கள் முதலில் போயின. இடக்கை மோதிர விரல் போனபோது மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பதினெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். கடைசியில் ஆறாம் நம்பர் நின்றது. எனக்குப் பின்னால் தழைக்கட்டோடு நங்கை நின்றார்.

"அழி கண்ணு. அழிச்சுட்டுச் சொல்லு, நான் போயி ஆட்டைக் கட்டோணும்."

அழுத்தினேன். அவர் போகவில்லை. தழைக்கட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கதவண்டை போய்க் கட்டைவிரலைப் பூட்டின்மேல் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெண் குரல் என்னவோ சொன்னது.

"என்ன சொல்லுது சாமி?" என்று எலக்ட்ரீசியனைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாருன்னு தெரியலையாமுங்க" என்றார்.

நங்கை தலையை ஆட்டினார். "அதுக்குத் தெரியாட்டிப் போகுது" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஆட்டைக் கட்டப் போனார்.

அடுத்த மூன்று நாளில் சுவர் உடைந்தது, வாசல் வந்தது, உள்வாசல் அடைபட்டது. கொத்தனார் கூலி, செங்கல், சிமெண்டு, பழைய மரத்தில் ஒற்றைக் கதவு, கீல், கொண்டி எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து ரூபாய் ஆயிற்று. வீட்டுக்கு முந்நூற்றுப் பதினைந்து. இன்சூரன்ஸ் காகிதம் மாதத்தின் கடைசி நாள் வந்தது. மேனேஜர் அதை ஒரு தடவைகூடப் படிக்காமல் பைலில் குத்தி வைத்தார். ஒரு லட்சம் வந்தது. மழைக்கு நாலு நாள் முன்னால் கூரை ஏறியது.

ஊர்தான் எளிதில் சமாதானம் ஆகவில்லை. ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத அந்த விரல் உரிமையை வாக்காளர் பட்டியலில் பேர் போன மாதிரி பேசினார்கள். இடக்கை மோதிர விரல்காரர் மூன்று தடவை வந்து, அரசாங்கத்தில் எழுதிப்போட்டால் திரும்பக் கிடைக்குமா என்று விசாரித்தார். கொண்டி வாசலில் வந்து போவதில் ஒரு மதிப்பு இல்லை என்றார்கள். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே பங்கைக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டாம் வீட்டு மகன்தான் முதலில் கொண்டுவந்து கொடுத்தான்.

நங்கை கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பூட்டில் ஒரு மணியும் இருக்கிறது. அதுவரை அதை யாரும் அழுத்தியதில்லை. இருபது வருஷமாக என் வீட்டுக்குள் குரல்கூடக் கொடுக்காமல் வந்துகொண்டிருந்தவர், இப்போது தினம் காலையில் உப்புக்கோ சர்க்கரைக்கோ வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்த மணியை இரண்டு தடவை அழுத்திவிட்டு, ஓரடி தள்ளி நிற்பார். நான் ஓடிப்போய்த் திறப்பேன். ஊட்டுக்காரங்க இருக்கீங்களா என்று கேட்பார். உள்ளே வாங்க நங்கை என்பேன். வேண்டாங்க, நான் வெளியாளு என்பார். என்னைப் போய் வாங்க போங்க என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைவலித் தைலம் கேட்டும் ஒருநாள் வந்தார். அன்றைக்கும் மணி அடித்துத்தான் கேட்டார். கதவைத் திறந்தே போட்டு வைத்துப் பார்த்தேன். திறந்திருக்கிற கதவுக்கு முன்னால் நின்றும் மணியை அழுத்தினார்.

பணத்தை நானே போட்டுவிடலாம் என்று ஊர்க்கவுண்டரிடம் போனேன். ஒரு வீட்டுப் பங்கை இன்னொரு வீடு போட்டால், அந்த வீடு சாமானிலிருந்து விலகிவிட்டதாக ஆகிவிடும், நாளைக்கு அவர்களுக்கு ஒன்று என்றால் அண்டா எடுக்க முடியாது, அதற்கு நீ தயாரா என்று கேட்டார். நான் எழுந்தே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அக்காவிடம் போய், விரல் விஷயம் கம்பெனி விதி, நம்ம கையில் இல்லை என்று அவர் விளக்கிச் சொன்னாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நங்கை காபி கொடுத்தாராம். பணத்தைப் பற்றி மட்டும், அந்த இன்சூரன்ஸ் அம்மா ஒருநாள் திரும்ப வந்தால் அவரிடம் நேரில் கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

போன வாரம் கொத்தனார் கணக்கு முடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர்க்கவுண்டர் எண்ணிக் கொடுத்ததைத் திரும்ப எண்ணினார். முப்பது வீட்டுக் காசு இருந்தது. மீதி என்றைக்கு வரும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதே நேரம் எங்கள் வீட்டு மணி இரண்டு தடவை அடித்தது. நான் திறக்க ஓடினேன். இன்றைய தேதி வரைக்கும் நிற்கிற பாக்கி, ரூபாய் முந்நூற்றுப் பதினைந்து.